நண்டலாற்றின் இரு கரைகள்: கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடி

ஜூலை 8, திங்கள் – காரைக்கால்

காலை ஒன்பது மணிக்கே காரைக்கால் சுட்டெரித்தது. கடலோர ஊர், காற்று பிய்த்துக்கொண்டு போகும் என்று சித்தப்பா ரயிலிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். வந்ததோ மேற்கிலிருந்து அனல். "கடல் காற்று மூன்று மணிக்கு மேல்தான் ஏறும் ஐயா" என்றார் ஆட்டோக்காரர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். அறை வாடகை 1,400. மின்விசிறி சத்தத்துக்குத் தனிக் கட்டணம் வாங்காமல் விட்டார்களே என்று சித்தப்பா மகிழ்ந்துகொண்டார்.

வந்த காரியம் இதுதான். என் கொள்ளுப்பாட்டி பிறந்தது காரைக்கால் பக்கம். வாழ்க்கைப்பட்டது நண்டலாற்றைத் தாண்டி, பொறையாறுக்கு அருகில் ஒரு கிராமத்தில். அவர்கள் எப்போது பிறந்தார்கள், எப்போது திருமணம் நடந்தது, கொள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று வீட்டில் ஆளுக்கொரு கதை. எழுத்தில் இருப்பது எது என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சித்தப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. அவர் கையில் ஒரு மஞ்சள் பை. அதில் 1921ஆம் ஆண்டு பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், கரையான் தொட்ட ஒரு ஜாதகக் கட்டு, முகம் அழிந்த ஒரு புகைப்படம்.

இந்தக் கரையின் விசித்திரம் வரைபடத்தைப் பார்த்தால்தான் புரியும். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. அது 1620 முதல் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. சுற்றியுள்ள மற்ற ஊர்கள் தஞ்சாவூர் ஜில்லா, அதாவது ஆங்கில ஆட்சி. ஒரே வயல், ஒரே வாய்க்கால், ஒரே பேச்சு. ஆனால் குழந்தை எந்த வரப்புக்கு இந்தப் பக்கம் பிறந்தது என்பதைப் பொறுத்து, அது எழுத்தில் இருக்கும் அல்லது இருக்காது. வருவதற்கு முன்பே இது எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு கொடூரமான உண்மை என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது.

பிரெஞ்சுப் பக்கம் தேடுகிறவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. காலனிகளில் எழுதப்படும் பதிவேடுகளுக்கு மேலும் ஒரு பிரதி எடுத்துப் பிரான்சுக்குக் கப்பலில் அனுப்ப வேண்டும் என்று 1776ஆம் ஆண்டிலேயே அரசாணை போட்டார்கள். பிறப்பு, திருமணம், இறப்பு பற்றிய பிரெஞ்சுச் சட்டப் பிரிவுகளை 1880இல் இந்தியருக்கும் விரித்தார்கள். இங்கே கரையான் தின்றாலும் அங்கே ஒன்று பிழைத்துக் கிடக்கிறது. இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. சென்னையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே 1893ஆம் ஆண்டுப் பதிவேட்டில் கொள்ளுப்பாட்டி பெயரை ஒத்த ஒரு பதிவைப் பிடித்து அச்சிட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஆனால் அந்தக் கையெழுத்து! கொக்கியும் சுழியுமாக, பிரெஞ்சு தெரிந்தவர்களையே திணறடிக்கும்.

ஊரில் பதிவேட்டுக்குப் பொறுப்பான அலுவலகத்தில் முதல் கேள்வியே, "எதற்கு?"

"குடும்ப வரலாறு."

"அதாவது, சொத்தா?"

"இல்லை."

"பாஸ்போர்ட்டா?"

"இல்லை."

எழுத்தர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். அந்த அணைப்பே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட அலுவலகங்களுக்கு வருகிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக்கோ பென்ஷனுக்கோ வாரிசுச் சான்றுக்கோதான் வருகிறார்கள். சும்மா தெரிந்துகொள்ள வந்தோம் என்பதை யாரும் நம்புவதில்லை. மனு எழுதிக் கொடுங்கள், நாளை மறுநாள் வாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம்.

மாலையில் கடல் காற்று ஏறியது, சொன்னபடியே. தெருமுனையில் சுடச்சுட இறால் வாடா பொரித்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. அரிசி மாவில் வெங்காயம், மேலே முழு இறால், ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று. "நீங்கள் ஊருக்குப் புதுசு. முதல் வாடாவுக்குக் காசு வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகு சித்தப்பா தின்ற வாடாக்களுக்கு வட்டியோடு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 9, செவ்வாய் – காரைக்கால்

விடுதி மேலாளர் வழியாக ஒரு பெரியவர் கிடைத்தார். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் சொல்தா என்பார்கள். எண்பதைக் கடந்தவர். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, கையில் பூதக்கண்ணாடி. வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து முதலில் பன்னீர் சோடா கொடுத்தார். விஷயத்தைப் பேசுவதற்கு முன் நாங்கள் சாப்பிட்டோமா, எங்கே தங்கியிருக்கிறோம், அறையில் கொசு உண்டா என்று விசாரித்து முடித்த பிறகுதான் காகிதத்தைக் கையில் வாங்கினார்.

அவர் படிக்கப் படிக்க நான் எழுதிக்கொண்டேன். எண்ணே கிடையாது, ஆண்டு, நாள், மணி, வயது எல்லாம் எழுத்தால். 1893, அக்டோபர் மாதம், காலை எட்டு மணிக்கு, பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் குடிநிலை அலுவலர் முன் இன்னார் வந்து நின்றார், வயது முப்பத்தொன்று, தொழில், நெசவு, குடியிருக்கும் தெரு இன்னது, முந்தாநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் வீட்டில் தன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்ததாக அறிவித்தார். மனைவியின் பெயர், அவள் வயது. சாட்சிகள் இருவர், அவர்கள் வயது, தொழில். கீழே கையொப்பங்கள்.

சித்தப்பா அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடிநிலை அலுவலரின் சுழித்த பிரெஞ்சுக் கையொப்பத்துக்குப் பக்கத்தில், தமிழில், புள்ளி வைக்காத மெய்யெழுத்துகளோடு ஒரு பெயர். கொள்ளுப்பாட்டியின் அப்பா. ஓலையில் எழுதிப் பழகிய கை போலிருக்கிறது. எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்றன. பெயரின் கடைசி எழுத்தில் மை தீர்ந்து, மறுபடி தொட்டு, அதே கோட்டின் மேல் அழுத்தியிருந்தார். இணையத்தில் பார்த்தபோது அதைக் கறை என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன். பூதக்கண்ணாடி வழியாகத்தான் அது தமிழ் என்று தெரிந்தது. சாட்சிகளில் ஒருவர் தனக்கு எழுதத் தெரியாது என்று சொன்னதையும் ஒரு வரியில் குறித்திருந்தார்கள்.

பெரியவர் காகிதத்தின் இடது ஓரத்தைத் தட்டிக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. 1897ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒருவரின் திருமணத்தை அவருடைய பிறப்புப் பதிவின் விளிம்பிலும் குறிக்க வேண்டும். பிறப்பைக் கண்டுபிடித்தால் திருமணம் தானாக விளிம்பில் தொங்கும். பிரெஞ்சுப் பதிவேட்டில் குடும்பம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான்.

"உங்கள் அம்மாள் இங்கே பதிந்து திருமணம் செய்யவில்லை" என்றார் பெரியவர்.

"மாப்பிள்ளை வீட்டில் நடந்திருக்கும். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம்" என்றார் சித்தப்பா.

"அப்படியானால் இங்கிலீஷ்காரன் கணக்கு" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் மறுநாள் புரிந்தது.

கிளம்பும்போது பணம் நீட்டியதற்கு அவர் முகம் மாறிவிட்டது. சித்தப்பா சமாளித்து, பேத்திக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள் என்றார். அதுவும் எடுபடவில்லை. கடைசியில் சாயங்காலம் ஒரு சீப்பு பூவன் பழம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதை மட்டும் வாங்கிக்கொண்டார். 1881ஆம் ஆண்டு ஆணை பற்றி அப்போது நிறையப் பேசினார். தன் சமயச் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள அந்த ஆணை வழி செய்தது. துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொண்டார்கள். செருப்பணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக 1873இல் தடுக்கப்பட்டு வழக்காடி வென்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை அப்படித்தான் லபோர்த் ஆனார். தேடுகிறவர்களுக்கு இது ஒரு பள்ளம். அப்பாவுக்கு ஒரு பெயர், மகனுக்கு முற்றிலும் வேறு பெயர். நடுவில் இருக்கும் அந்தத் துறப்புப் பத்திரத்தைப் பிடிக்காவிட்டால் குடும்பம் அங்கேயே அறுந்துபோகும். நல்லவேளை, எங்கள் ஆட்கள் எதையும் துறக்கவில்லை.

இரவு மின்சாரம் போய்விட்டது. சித்தப்பா மொட்டை மாடியில் படுத்தார். நான் கொசுவோடு படுத்தேன்.

ஜூலை 10, புதன் – பொறையாறு

காரைக்காலிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் கோட்டுச்சேரி, பூவம், அப்புறம் நண்டலாறு. பாலத்துக்கு முந்தைய கடைசிப் பெட்ரோல் நிலையத்தில் தமிழ்நாட்டு வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. பாலத்தைத் தாண்டியதும் போலீஸ்காரர் தொப்பியின் சிவப்பு போய்விடுகிறது. ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவு. சித்தப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இதைத் தாண்டினதற்கா இவ்வளவு வித்தியாசம்?" என்றார்.

பதிவேடுகள் இருந்த அலுவலகத்தில் (எந்த ஊர் அலுவலகம் என்று எழுதப்போவதில்லை) பத்தரைக்குப் போய் ஒரு மணிவரை நின்றோம். உட்காரப் பெஞ்சு இருந்தது. அதன் மேல் கட்டுக்கட்டாகக் கோப்பு உட்கார்ந்திருந்தது. ஒருவர் எங்களை அடுத்த மேசைக்கு அனுப்பினார். அடுத்த மேசைக்காரர் விடுப்பு. சித்தப்பாவுக்குக் கால் வலி வந்து சுவரில் சாய்ந்தபோது, அதுவரை எரிந்து விழுந்துகொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார். தண்ணீரும் கொடுத்தார். குரல் மட்டும் மாறவில்லை. "1894 கேட்டால் நான் எங்கே போவேன்? என் அம்மா பிறப்பே இதில் இல்லை!"

அவர் சொன்னது நியாயம். சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் என்று தனியாக வந்ததே 1899இல்தான். அதற்கு முன்பும் கிராம முன்சீப்புகள் கணக்கு எழுதினார்கள். ஆனால் அது இந்த மாதம் எத்தனை பிறப்பு, எத்தனை காலராச் சாவு என்று மேலே எண்ணிக்கை அனுப்புவதற்காக. ஆள் யார் என்பது யாருக்கும் தேவைப்படவில்லை. பிந்தைய ஆண்டு ஒன்றின் பதிவேட்டை அந்த அம்மா மாதிரிக்குத் திறந்து காட்டினார். நீளமான தாள், மங்கிய ஊதா மை. தேதி, தகப்பன் பெயர், சாதி, "ஆண்". அடுத்த வரி, தேதி, தகப்பன் பெயர், சாதி, "பெண்". பிள்ளையின் பெயர் எழுத வேண்டிய கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி. பெயர் வைப்பதற்கு முன்பே தலையாரி வந்து முன்சீப்பிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். பிறகு யார் போய்ச் சேர்ப்பது? தாயின் பெயர் பல வரிகளில் இல்லவே இல்லை. நேற்றுத்தான் சாட்சிக்காரரின் வயதுவரை எழுதிய ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இதைப் பார்க்கக் கோபம்தான் வந்தது.

இந்தப் பக்கம் தேடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை, ஊர் நகராது, ஜில்லா நகரும். பொறையாறு அப்போது தஞ்சாவூர் ஜில்லா. 1991இல் நாகப்பட்டினம் மாவட்டம். 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுகள் லாரி ஏறியிருக்கின்றன. எது எங்கே இறங்கியது என்று கேட்டால் மூன்று ஊரும் மற்ற இரண்டைக் கை காட்டும். போதாக்குறைக்கு 1980இல் பரம்பரை முன்சீப்பு, கணக்குப்பிள்ளை பதவிகளை அரசு ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. அப்போது எந்தக் கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் எது தங்கியதோ.

திருமணம்? இந்துக்களுக்கு அது கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணமும் பதிவாக வேண்டும் என்ற சட்டம் வந்ததே 2009இல். 1912இல் பந்தலில் கட்டிய தாலிக்குச் சாட்சி, அன்று பந்திக்கு வந்தவர்கள்தான்.

பகல் சாப்பாடு ஒரு கூரைக் கடையில். சங்கரா மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், மோர். 140 ரூபாய். குழம்பு இரண்டாம் முறை கேட்டால் முகம் சுளிக்கிற கடைகளுக்குப் பழகிய எனக்கு, அந்த அக்கா குழம்புச் சட்டியையே மேசையில் வைத்துவிட்டுப் போனது தாங்கவில்லை. அங்கேதான் சித்தப்பா பத்திர நகலைப் பிரித்தார்.

உண்மையில் ஆங்கிலப் பக்கத்தில் குடும்பம் தேடுகிறவர்களுக்குப் பிறப்புப் பதிவேட்டைவிட நல்ல துணை சார்பதிவாளர் அலுவலகம்தான். பிள்ளை பிறந்ததை எழுதாத அரசு, நிலம் கைமாறியதை வரப்பு வரப்பாக எழுதி வைத்திருக்கிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உறவுக்காரர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயில் அப்படியல்ல, அதற்குக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் 1921 பத்திரத்தில் கொள்ளுத்தாத்தா "இன்னார் குமாரர், வயது 27, விவசாயம்" என்று நிற்கிறார். தகப்பனார் பெயர் எழுதிய இடத்தில்தான் மடிப்பு விழுந்து நகல் வெளுத்திருக்கிறது. மூலத்தைப் பார்க்கலாம் என்றால், அந்த ஆண்டுப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். எப்போது வரும்? "வரும்."

திரும்பும் பஸ்ஸில் ஒரு பள்ளி ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்களேன் என்றார். தாத்தா காலத்தவர்களுக்கு அது உதவும். ஆனால் பிறந்த தேதியை மட்டும் நம்பக் கூடாது. கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது. தொட்டவனுக்கு வாத்தியார் ஜூனிலோ ஜூலையிலோ ஒரு தேதியைப் போட்டுவிடுவார். சித்தப்பாவின் பிறந்தநாள் ஜூன் முதல் தேதி. அவருக்கு மார்கழியில் பிறந்ததாகத்தான் ஜாதகம் இருக்கிறது.

ஜூலை 11, வியாழன் – தரங்கம்பாடி

இன்று அலுவலகமே வேண்டாம் என்று தீர்மானித்து தரங்கம்பாடிக்குப் போனோம். 1792 என்று பொறித்த நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை, அதற்கு அப்பால் 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். கடல் அதன் முன்பகுதியைத் தின்றுவிட்டது. காற்று இங்கே ஆளையே தள்ளுகிறது. சித்தப்பாவின் துண்டு பறந்துபோய்ச் சுண்டல் வண்டிக்காரரின் அடுப்பில் விழப் பார்த்தது. அவர் பிடித்துக் கொடுத்துவிட்டு, பிடித்த கூலிக்குச் சுண்டல் வாங்கச் சொன்னார். இருபது ரூபாய், மாங்காய்த் துருவலோடு.

இங்கே வந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் தங்கை ஒருத்தி கிறிஸ்தவத்துக்கு மாறித் திருமணம் செய்துகொண்டாள் என்று வீட்டில் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய கரை இது. இந்த ஊர் மிஷன் தன் முதல் ஞானஸ்நானத்தை 1707 மே மாதம் கொடுத்தது. 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது. மிஷனின் பழைய கடிதங்களும் சுவடிகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் 1900களின் சாதாரணக் குடும்பங்களைத் தேடுகிறவர் ஹாலேக்குப் போக வேண்டாம், உள்ளூர் ஆலயப் பதிவேடு போதும்.

அருகில் ஒரு சிற்றாலயத்தின் ஐயர் (போதகரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்), முன்பின் தெரியாத எங்களுக்காகப் பகல் தூக்கத்தை விட்டு எழுந்து வந்தார். இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே கற்பூரமும் வேப்பிலையும் போட்டு, துணியில் சுற்றிய பதிவேடுகள். "நீங்கள் புரட்டக் கூடாது, நான் புரட்டுகிறேன். படம் எடுக்கக் கூடாது, எழுதிக்கொள்ளலாம்." சரிதான். ஓரம் உதிரும் காகிதத்தை அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்தித்தான் திருப்பினார்.

ஞானஸ்நானப் பெயர் வேறு, வீட்டுப் பெயர் வேறு என்பதால் தேடுவது சுலபமில்லை. ஊர்ப் பெயரை வைத்துத் தேடினோம். 1911இல் இருந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த அச்சுப் படிவம்: மணமக்கள் பெயர், வயது, முன்பு மணமானவரா, தொழில், குடியிருப்பு, தகப்பனார் பெயர், சாட்சிகள். மணமகளுக்கு வயது பதினாறு. புதுப் பெயருக்குப் பக்கத்தில் பழைய பெயரையும் யாரோ சிறிதாக எழுதியிருந்தார்கள். தகப்பனார் பெயர் கட்டத்தில், முழுதாக, தெளிவாக, எங்கள் பத்திரத்தின் மடிப்பில் அழிந்துபோன பெயர்.

நகலை எடுத்து ஒப்பிட்டோம். மடிப்புக்கு முன்னால் தப்பிய இரண்டு எழுத்துகளும் பின்னால் தப்பிய ஒரு கொம்பும் சரியாகப் பொருந்தின.

சித்தப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஒதுக்கி வைத்தார்கள் அவளை. கடைசியில் அவள்தான் நம் பாட்டனார் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள்" என்றார். ஐயர் எங்களுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். ஆலயத்துக்குக் காணிக்கை போட்டோம்; ரசீது எழுதிக் கொடுத்தார்.

யோசனை வந்தது இரவு சாப்பாட்டின்போது. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சித்தப்பா சட்டென்று நிறுத்தினார். "ஏனம்மா, தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கொள்ளுத்தாத்தா ஆங்கிலப் பக்கத்தவர், அவர் பிறப்புக்கோ திருமணத்துக்கோ ஒரு காகிதமும் இல்லை. ஆனால் அவருடைய மூத்த பிள்ளை? ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து கொள்ளுப்பாட்டியைக் காரைக்காலுக்கு அழைத்துப் போயிருப்பார்கள். பிள்ளை பிரெஞ்சு மண்ணில் பிறந்திருக்கும். பிறந்திருந்தால், பதிவேடு தகப்பனைக் கேட்காமல் விட்டிருக்காது.

ஜூலை 12, வெள்ளி – காரைக்கால்

எங்கள் மனுவோடு அதே எழுத்தர். இம்முறை சித்தப்பா பையை அணைக்கவில்லை. மேசை மேல் வைத்து, முழுக் கதையையும் சொன்னார், பாட்டி பெயரில் தொடங்கி வளைகாப்புவரை. எழுத்தர் முதலில் கணினியைப் பார்த்தபடி கேட்டார். பிறகு எங்களைப் பார்த்தபடி கேட்டார். வளைகாப்பு வந்தபோது, "அட, என் அக்காவுக்கும் அப்படித்தான், மாப்பிள்ளை வீடு சிதம்பரம், பிள்ளைகள் எல்லாம் இங்கே" என்று எழுந்துபோய்விட்டார். எந்த ஆண்டு என்று நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. ஆண்டுக் கடைசியில் கட்டிய பெயர் அட்டவணையை வைத்து அவரே இறங்கி வந்தார். தேடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணை பிரெஞ்சு உச்சரிப்பில் இருக்கும். முத்து, சுப்பு என்று நாம் நினைக்கிற எழுத்துக்கூட்டலில் எதுவும் இருக்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பிடிபடும். அந்த அறையில் மூன்று பேர் ஒரே பெயரை நான்கு விதமாக உச்சரித்துக்கொண்டிருந்தோம்.

1913. ஆண் குழந்தை. தாத்தாவின் அண்ணன், வியட்நாமில் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனுக்குப் போய்த் திரும்பாதவர். பொறையாற்றில் பிறந்தார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

அறிவித்தவர் தகப்பன் இல்லை, தாய்வழிப் பாட்டனார். இருபது ஆண்டுக்கு முன் மை தீர்ந்து மறுபடி தொட்டு எழுதிய அதே நெசவாளி. கையெழுத்து இப்போது கொஞ்சம் நடுங்கியிருந்தது. குழந்தையின் தகப்பன் பெயர், அவருடைய தகப்பன் பெயர் (தரங்கம்பாடியில் பார்த்த அதே பெயர்), தொழில் விவசாயம், வசிப்பது ஆங்கில ஆட்சிப் பகுதியில் இன்ன கிராமம், வயது பத்தொன்பது. தாயின் வயது இருபது.

எழுத்தர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சித்தப்பா குறுக்கிட்டார்.

"மாற்றிச் சொல்கிறீர்கள். அவருக்குத்தான் இருபது."

"இல்லை ஐயா. தகப்பன் பத்தொன்பது, தாய் இருபது."

"பிரெஞ்சுக்காரன் தப்பாக எழுதியிருப்பான்."

நான் 1921 பத்திரத்தை நினைவுபடுத்தினேன். அப்போது அவருக்கு 27 என்றால் பிறந்தது 1894. பாட்டி 1893, அக்டோபர், விடியற்காலை ஐந்து மணி. எல்லாம் ஒத்துப்போகிறது. பெண் மாப்பிள்ளையைவிட மூத்தவள். எங்கள் குடும்பத்தில் நாள் பொருத்தம், கணப் பொருத்தம் பார்த்து மூன்று வரன்களைத் தட்டிக்கழித்தவர் சித்தப்பா. மீதி நேரம் முழுவதும் அவர் எழுத்தரிடம் வேறு பதிவேடு உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சான்றுநகலுக்குக் கட்டணம் சொற்பம். அதை நகலெடுக்கப் போன ஜெராக்ஸ் கடையில் மின்சாரம் போய், மை உருகி, இரண்டு தாள் பாழானது. மூன்றாவது சரியாக வந்தது. கடைக்காரப் பையன் பாழான தாள்களுக்கும் சேர்த்துப் பணம் கேட்டான். சித்தப்பா அன்று சண்டை போடும் நிலையில் இல்லை. கொடுத்துவிட்டார்.

ஜூலை 13, சனி – காரைக்கால், ஊர் திரும்பல்

இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகங்கள் இல்லை. சனிக்கிழமை என்பதால் திருநள்ளாற்றுக்கு வந்த கூட்டம் ஊரை நிறைத்திருந்தது. வெளியூர்ப் பேருந்துகள், வேன்கள், தலைமுழுகி ஈரத்தோடு டீக்கடையில் நிற்கும் குடும்பங்கள். வழக்கமாகப் பன்னிரண்டு ரூபாய் டீ இன்று பதினைந்து. ஆட்டோ எண்பது இன்று நூற்றைம்பது. அதே ஆட்டோக்காரர்தான், கூச்சப்படாமல், "சனி பகவான் ரேட்" என்றார்.

சொல்தா பெரியவரிடம் போய்ப் புதிய பதிவைக் காட்டினோம். விளிம்பைத்தான் முதலில் பார்த்தார். காலி. சைகோனில் இவருக்குத் திருமணம் நடந்ததாக இங்கே தகவல் எதுவும் வந்து சேரவில்லை. "பிரெஞ்சு மண்ணில் பிறந்த காகிதம் கையில் இருந்ததால்தான் கப்பல் ஏற முடிந்ததோ என்னவோ" என்றார் சித்தப்பா. பெரியவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சைகோனுக்குப் போன காரைக்கால்காரர்களில் தனக்குத் தெரிந்தவர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கி, ரயிலுக்கு நேரமாகும்வரை நிறுத்தவில்லை.

ரயில் நிலையத்தில் சித்தப்பா அத்தையை அழைத்தார். தன் அக்காவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று காலையில்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். நடைமேடையில் பாதிப் பேருக்குக் கேட்டது.

"அக்கா, ஒன்று தெரியுமா? அப்பாயி தாத்தாவைவிட மூத்தவளாம்."

"தெரியும்" என்றார் அத்தை.

"என்ன தெரியும்?"

"அப்பாயியே சொல்லியிருக்கிறாள். தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது சொல்வாள். ஆம்பிளைப் பிள்ளைகளிடம் சொல்லாதே என்பாள், அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று."

சித்தப்பா வாயைத் திறந்து மூடினார்.

"அது இருக்கட்டும்" என்று அத்தை தொடர்ந்தார். "சைகோன் பெரியப்பாவுக்கு அங்கே ஒரு பெண்டாட்டியும் இரண்டு பெண்களும் இருந்தார்களே, அவர்களைத் தேடினீர்களா?"

சைகோன் அடங்கிய கொச்சின்சீனப் பதிவேடுகளும் அதே எக்ஸ் நகரக் காப்பகத்தில்தான் இருக்கின்றன என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா கைப்பேசியை என் கையில் திணித்துவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.